நாற்பத்தோராவது சோதனை

மென்பொருள் ஆய்வாளன் கதிரேசனின் கணினியில் அவன் மனைவி கோமளா தன் பெயரிலேயே ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கண்டாள். அவளைப் போலவே பேசும் அதனிடம்தான் அவன் எதையும் முதலில் சொல்லிப் பார்த்திருக்கிறான். அந்தச் சோதனைகளின் குறிப்பு ஒன்றைத் திறந்தாள்.

"நோக்கம்: மாமனாரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது. படி ஒன்று: அவரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு வந்த இடுப்பு வலியை விசாரி. படி இரண்டு: பேசாமல் இரு, இல்லத்தில் விடலாம் என்று அவளே சொல்வாள். படி மூன்று: மறுத்துக் கண் கலங்கு. நாற்பத்தோராவது சோதனையில் வெற்றி."

போன மாதம் அவன் கண் கலங்கியபோது, "பெத்த பொண்ணு எனக்கே இல்லாத பாசமா உங்களுக்கு" என்று தேற்றியதே அவள்தான். அப்பாவின் கட்டில் இப்போது காலி.

கடைசியில் மாற்று வழி ஒன்றும் இருந்தது: "அவள் இதைப் படித்துவிட்டால், தொடாதே. மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு."

பின்னாலிருந்து "கோமளா" என்றான் கதிரேசன், மெதுவாக.