பாசியை மிதிக்காதே

பால்கனியில் ஒரு தட்டு நிறையப் பாசி வைத்து, அதில் சதுப்பு நிலத்துக் குட்டி ஆர்க்கிட் ஒன்றை வளர்க்கிறேன். பாசி ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் வேர் அழுகிவிடும். என் கணவருக்கோ கட்டைவிரலால் அழுத்தி ஈரம் பார்க்காவிட்டால் பொழுதே போகாது. அப்படியே இரண்டு செடிகள் போய்ச் சேர்ந்தன.

மூன்றாவதை வைத்த மறுநாளே பாசி பள்ளமாகக் கிடந்தது.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

"நான் தொடவே இல்லம்மா. வந்து பாரு, இது விரலா?"

குதிகாலும் ஐந்து விரல்களுமாக ஒரு குழந்தையின் பாதம். எங்களுக்குக் குழந்தை கிடையாது. இருப்பதும் நாலாவது மாடியில்.

பாசியை நிரவி, தட்டைத் தலைக்கு மேலிருக்கும் பலகையில் ஏற்றினேன். காலையில் அங்கேயும் மிதித்திருந்தது, மொட்டுக்குப் பக்கத்திலேயே. எனக்கு வந்ததே கோபம்.

"மிதிக்கிறதுதான் மிதிக்கிற, செடியை விட்டுத் தள்ளி மிதிக்கக் கூடாதா?" என்று வெறும் பால்கனியைப் பார்த்துக் கத்தினேன்.

மறுநாள் பாதங்கள் செடியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. கூடமெல்லாம் சேற்றுத் தடம். நான்தானே துடைக்க வேண்டும்?

"சேத்துக் காலோட உள்ள வராதே!"

இன்று காலை பாசி உப்பி நின்றது, பூ விரிந்திருந்தது, கூடம் பளிச்சென்று இருந்தது. பால்கனிக் கதவருகே கால்மிதியில் மட்டும் அழுந்தத் துடைத்த சேறு.

படுக்கையறையிலிருந்து கணவர் தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுந்தார்: "போர்வைய இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?"