கண்ணீர் என்ற பெயருள்ள திராட்சை

எல்லர்ஸ்லி புறநகரில், அலுவலக மேலாளர் ஹெலனின் வீட்டுப் பின்புற மர டெக்கில் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் விழுந்துகிடக்கிறது. நிமலன் கொண்டுவந்த பரிசுப் பையிலிருந்து அவள் ஒரு வைன் போத்தலை உருவி எடுத்து, "லாக்ரிமா" என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எதிரே இருக்கும் அகிலின் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. போன மாதம் இத்தாலியிலிருந்து வந்ததும் அவன்தான் இந்தப் பையை நிமலனிடம் கொடுத்தான். நிமலன் அதைத் திறந்தும் பாராமல் அப்படியே இங்கே தள்ளிவிட்டிருக்கிறான். போத்தலின் கழுத்தில் கட்டிய சிறு அட்டை காற்றில் திரும்புகிறது. அகிலின் உருண்டைத் தமிழ்க் கையெழுத்து. 'நிமலன் அண்ணாவுக்கு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்ப கூடவே இருந்ததுக்கு.' "அழகான எழுத்து, என்ன போட்டிருக்கிறது?" என்று ஹெலன் ஆங்கிலத்தில் கேட்கிறாள். நிமலனின் காது மடல்கள் கொதிக்கின்றன. அகில் முந்திக்கொள்கிறான். அட்டையில் இருப்பது திராட்சையின் பெயர்தான், கண்ணீர் என்று அர்த்தம், பழுத்தால் தோல் வெடித்துச் சாறு சொட்டுமாம் என்று அவனும் ஆங்கிலத்திலேயே சொல்கிறான். விருந்துக்கு வந்திருக்கும் எல்லோரும் வியக்கிறார்கள். கருஞ்சிவப்பு வைன் கிளாஸ்களில் இறங்க, ரோஜா வாசம் மேசையெங்கும் பரவுகிறது. அகில் முதல் கிளாஸை நிமலனிடம் நீட்டுகிறான்.

"எடுத்துக்குங்கண்ணா. உங்களுக்குன்னு தேடி வாங்கினது."

அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தாலும் நிமலன் தாங்கியிருப்பான். "அகில், நான்..." என்று தொடங்கியவன், தலை குனிந்தபடி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்கிறான்.