கொல்லாத மருந்து

பாளையங்கோட்டைக் கால்பந்து மைதானத்தில் வெயில் தாழ்ந்து, கோல் கம்பங்களின் நிழல் நடுக்கோடு வரை நீண்டு கிடக்கிறது. கோலுக்கு முன்னால் ஒரு திட்டு மட்டும் மஞ்சளாக இருக்கிறது. போன மாதம் போட்ட யூரியா கருக்கிய இடம். புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிராஜ் ஈரச்சாக்கு சுற்றிய கேனைப் பிரித்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிப்பானில் ஊற்றுகிறார். வயலில் இருபது வருடம் பூச்சிமருந்து அடித்த கை, தானாகத் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டுகிறது. தெளிப்பானின் கைப்பிடி கடக் கடக்கென்கிறது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே பதினோரு பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். நாளை அவர்களுக்கு ஆட்டம்.

“அண்ணாச்சி, மருந்தடிச்சா மூணு நாளு உள்ள வரப்புடாதுல்லா?” கேப்டன் சுகிர்தா கேட்கிறாள்.

பேச்சிராஜின் கை நிற்கிறது. புல் நுனியில் தொங்கும் துளியைத் தொட்டு மோந்து பார்க்கிறார். மழை பெய்த மண்ணின் வாடை. துண்டை அவிழ்த்துத் தோளில் போடுகிறார். செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றை அவரே தூக்கிப் பிடிக்கிறார்.

“இது கொல்லுத மருந்து இல்ல பிள்ள, வாங்க. ஆனா பையப் பைய மிதிங்க, உள்ள உசுரு கெடக்கு.”