எட்டடிப் பரண்

"எட்டடி," என்றார் பெரியகருப்பன். "கொறஞ்சா மான் மோப்பம் பிடிச்சிரும்."

"நாலு போதுமுங்க," என்றாள் பழனியம்மாள்.

அவிநாசிக்குக் கிழக்கே, காய்ந்த ஓடை ஓரம் அவளுடைய கடலைக்காடு. வரப்பில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் இருவரும் அண்ணாந்து கிளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பொழுது சாய்ந்தால் ஓடைக்குள்ளிருந்து புள்ளிமான்கள் வந்துவிடுகின்றன. பூ விட்ட செடியெல்லாம் ஓரத்திலிருந்து மொட்டையாகிக்கொண்டே வருகிறது.

இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவள் தையல் செக்‌ஷன், அவர் பேக்கிங். ராஜபாளையத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் மலையடிவாரத்தில் மரத்தில் காவல் பரண் கட்ட என்னை விட்டால் ஆளில்லை என்று டீ நேரத்தில் ஒருநாள் பெருமையடித்து வைத்திருந்தார். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.

அதற்கு மட்டும்தானா என்பதில்தான் அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் துணை போய் வெகுகாலம் ஆயிற்று. பிள்ளைகள் தனித்தனியே குடும்பமாகிவிட்டார்கள். போன மாதம், அதே டீ நேரத்தில், மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேவிட்டார்: நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா என்ன?

பழனியம்மாள் டீயை ஊதினாள். குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். "பாக்கலாமுங்க" என்றாள்.

இந்தச் சீமையில் சரி என்பதற்கும் பாக்கலாமுங்க. முடியாது என்பதற்கும் அதே பாக்கலாமுங்க. தெற்கத்தி மனுஷனுக்கு எப்படி விளங்கும்? அவர் ஊரில் முடியாது என்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"நாலடியில உக்காந்தா மான் வந்து என் கால நக்கிட்டுப் போகும்," என்றார்.

"அப்பவே ஒதைச்சு வெரட்டிருங்க. வெரட்டத்தானுங்களே உக்காரப் போறீங்க?"

அவர் அப்பா பரண் ஏறியது கறிக்கு. மான் மோப்பம் பிடிக்காமல் கிட்டே வர வேண்டும், அதற்குத்தான் எட்டடி. இப்போது மானைத் தொட்டால் வனத்துறை ஜீப் வீட்டு வாசலில் நிற்கும். கையைத் தட்டி விரட்டுவதோடு சரி. அதற்கு நாலடி தாராளம்தான்.

ஆனாலும் தொழில் தெரிந்தவன் என்று சொல்லிவிட்டு இறங்கி வர முடியுமா?

"பரண்னா எட்டடிதாம்மா. நாலடில கெடந்தா அதுக்குப் பேரு கட்டிலு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது மடல் சுட்டது. பழனியம்மாள் முகத்தை ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்க இஷ்டமுங்க," என்று ஒரு மூட்டையை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

உள்ளே, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் அவளே முறுக்கிய நாலு கயிறுகள். மணிக்கட்டுக் கனம், ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

பெரியகருப்பன் மரமேறினார். உயரத்துக் கிளைகளில் நாலு கயிற்றையும் கட்டி, நடுவே ஒரு பலகையைத் தொங்கவிட்டார். அவளுடைய இஞ்ச் டேப்பையே வாங்கி அளந்து காட்டினார். எட்டடி, சுத்தமாக.

பிறகு ராஜா மாதிரி பலகையில் உட்கார்ந்தார்.

பலகை ஆடியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது.

விழவில்லை. லிஃப்ட் இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல் இறங்கியது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டிய கிளை மேலே போய்க்கொண்டிருந்தது. நாலடியில் வந்து நின்று, மெல்ல மேலும் கீழும் ஆடியது.

"என்ன கயிறும்மா இது?"

"ரிப்புங்க. கழுத்துப் பட்டிக்கு வெச்சுத் தெக்கிற துணி. நல்லா இழுவை குடுக்குமுங்க."

மடித்து, கவரில் போட்டு, பெட்டி கட்டத் தெரிந்தவருக்குத் துணியின் இழுவை எங்கே தெரியும்? அதை நாள் முழுக்க இழுத்து இழுத்துத் தைக்கிறவள் அவள். தெரிந்தேதான் முறுக்கியிருக்கிறாள்.

அவர் முகம் வாடிவிட்டது, பாவம். இந்த ஊரில் முடியாது என்பதை இப்படியும் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஓடைக்கரையில் செடிகள் அசைந்தன. ஒரு பெண்மான் தலையை நீட்டியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. சாவகாசமாகக் கடலைக்குள் இறங்கின. வந்த வேலையையாவது செய்வோம் என்று பெரியகருப்பன் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

பழனியம்மாள் மான்களைப் பார்க்கவே இல்லை. வரப்பில் கிடந்த கல்லை உருட்டி வந்து பலகைக்குக் கீழே போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். கயிற்றைப் பிடித்து, கல்லில் காலை வைத்து, "முருகா" என்று ஒரே எக்கு.

"தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார். பலகை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

மூச்சு வாங்கி முடித்து, முழங்காலை நீவிவிட்டபடி அவள் சொன்னாள்: "எட்டடிக்கெல்லாம் என்ற முட்டி ஏறாதுங்க. தெனமும் ஏறோணுமில்லீங்களா?"

கத்துவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மான்கள் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தன.