மறுபடி வந்த மசோதா

குலுக்கலில் பெயர் விழுந்தவர்தான் அந்த வருஷத்து ஜனாதிபதி. வீட்டிலிருந்தபடியே கையெழுத்துப் போடலாம். இந்த முறை பெயர் விழுந்தது, திண்டுக்கல்லில் கணவரோடு பேக்கரி நடத்தும் சகாயமேரிக்கு.

ரயில் பாதை மசோதாவைச் சென்ற மாதம் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். பாதை அவர்கள் பேக்கரியின் மேலேயே போகிறது. நாடாளுமன்றமோ அதை அப்படியே மறுபடி நிறைவேற்றி அனுப்பிவிட்டது. இரண்டாம் முறை வந்தால் ஜனாதிபதி மறுக்க முடியாது. செயலாளர் பன் தட்டுகளுக்கு நடுவே காத்து நின்றார்.

மாவுக் கையைத் துடைத்துவிட்டு, கணவர் அந்தோணிராஜே பேனாவை எடுத்து நீட்டினார். "போடு மேரி. நீ போட்டுத்தானே ஆகணும்."

"நீங்க கட்டின அடுப்புங்க."

"வேற இடத்துல கட்டிக்கலாம்."

அவள் கையெழுத்திட்டாள். செயலாளர் போனதும் அவர் மெல்லக் கேட்டார். "பொண்ணு கேட்டு வந்தப்ப என்னையும் முதல் தடவை திருப்பித்தான் அனுப்புன. ரெண்டாவது தடவை சம்மதிச்சது, இது மாதிரி வேற வழியில்லாமத்தானா?"

கருகத் தொடங்கிய பன் தட்டை அவள் வெளியே இழுத்தாள்.

"அன்னைக்கு எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தலைங்க."