இரண்டாவது மாத்திரை

சின்னக்கருப்பன் அலுப்போடு துணிகளைப் பையில் அடுக்கினார். ரிங்லெட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"ஏன் மாமா கெளம்பிட்டீங்க?" என்றாள் மருமகள் துளசி.

"முழுசா முழுங்க முடியலன்னுதானே நசுக்கித் தரச் சொன்னேன்? ஒரு மாத்திரைய நசுக்குற. இன்னொன்ன ரெண்டு வாரமா தொடவே மாட்டேங்குற. மூத்திர வியாதிக்காரன்னு அருவருப்பாப் போச்சுலா உனக்கு."

"ஐயோ, இல்ல மாமா. மொத மாத்திரை சதையத் தளர்த்தி, மூத்திரத்த சுளுவா எறக்கும். அத யாரும் நசுக்கலாம். ரெண்டாவது, வீங்குன புராஸ்டேட் சுரப்பியையே மெதுவா சுருக்குறது. அதோட தூள..." துளசி தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளத்தாச்சிங்க தொடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. வயித்துல இருக்கறது ஆம்பளப் புள்ளயா இருந்தா ஆகாதாம்."

கல்யாணமாகி ஒன்பது வருடமாக அந்த வீடு காத்திருந்த செய்தி அது.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு உங்க மகன்தான் சொன்னாரு."

சின்னக்கருப்பன் பையை ஓரமாக வைத்தார். மாத்திரையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"கதவச் சாத்திக்கம்மா," என்றார். "காத்துல தூள் உள்ள வந்துடப் போவுது."