வரைபடத்தில் ஒரு புள்ளி

படகுச் சாமான் கடையில் ஆரோக்கியதாஸ் இரண்டு ஆன்டெனாக்களை மேசைமேல் வைத்தார். "இது ரேடியோவுல பேசறதுக்கு. இது படகு எங்க நிக்குதுன்னு காட்டறதுக்கு. கடலுக்குள்ள எவ்வளவு தூரம் போவீங்க சார்?"

கனகசபாபதி நாற்காலியில் சாய்ந்தார். "ரிட்டயர் ஆனப்போ ஆசையா வாங்கின படகு. இப்ப முழங்கால் விடறதில்ல. கரையிலயே கட்டிக் கிடக்கு."

"அப்புறம் ஆன்டெனா எதுக்கு?"

"மெல்போர்ன்ல இருக்கற பொண்ணு தினமும் போன்ல அந்தப் படகுப் புள்ளியைப் பாப்பா. புள்ளி இருந்தா அப்பா நல்லா இருக்காராம். கூப்பிட வேண்டியதில்லையாம்."

"பழசு என்னாச்சு?"

"முறிஞ்சு பதினோரு நாளாச்சு."

"பதறிப்போய்க் கூப்பிட்டிருப்பாங்களே?"

கனகசபாபதி புள்ளி காட்டும் ஆன்டெனாவைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல யார் யார்கூடப் பேசலாம்?"